என் ஞானப்பல் இடம்பெயர்ந்த கதை

எங்கள் பக்கத்தில் ஒரு விஷயத்தை மறைக்க நினைப்பவன், அதைச் சந்தியில் நின்று உரத்துச் சொல்லிவிடுவதே புத்தி. உரத்துச் சொன்னால், சொன்னது மட்டும்தான் பரவும். மறைத்தாலோ, சனம் தங்கள் தங்கள் வீட்டில் அவித்தெடுத்த ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிடும். ஒரேயொரு கொடுப்புப் பல்லை, அதாவது கடைவாய்ப் பல்லை, மறைக்கப் போய், மரணப் படுக்கை வரை போய் வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. எனக்கு ஊர் இணுவில். சுன்னாகத்தில் தண்ணீர்ப் பம்பி விற்கிற கடையொன்றில் விற்பனைக்கு நின்றேன். வாய்தான் என் மூலதனம். சும்மா விலை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வருகிற தோட்டக்காரர், பம்பியோடும் இருபது யார் நீளக் குழாயோடும்தான் திரும்பிப் போவார். பெண்ணுக்கு ஊர் தெல்லிப்பழை. பெயர் தர்சிகா, விஞ்ஞான ஆசிரியை. பெண் பார்க்கப் போன அன்று தர்சிகாவின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பிக்கு நல்ல பல்வரிசை" என்றார். (வேறு ஒன்றும் சொல்வதற்குக் கிடைக்கவில்லை போலும்.) அன்றிலிருந்து என் அம்மாவுக்கு அதுவே பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "பொம்பிளை வீட்டுக்காரருக்குத் தம்பியின்ரை பல்லுத்தான் பிடிச்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பல்வரிசைக்குத்தான் கண்ணூறு பட்டது. கடைக்கு வந்த ஒருவர் ஒரு பை நிறையப் புளுக்கொடியல் தந்துவிட்டுப் போனார். பனங்கிழங்கை அவித்து, வெயிலில் காய வைத்து, கல்லுக்குத் தம்பியாக்கி வைப்பதன் பெயர்தான் புளுக்கொடியல். மனிதர்கள் அதை உரலில் இடித்தோ, பாறையில் வைத்துத் தட்டியோ தின்பார்கள். நான் கடையில் நின்றவர்களுக்கு முன்னால், "உதுக்கெல்லாம் ஏன் கல்லு?" என்று கேட்டு, வாயில் வைத்துக் கடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று பெருமையோடு வெளியே எடுத்துப் பார்த்தேன். புளுக்கொடியல் முழுசாக இருந்தது.

சுன்னாகத்துப் பல் டொக்டர் ஓர் இளம் பெண். சிரிக்காமலே கதைப்பவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இடப்பக்கம் கீழ்க் கொடுப்புப் பல்லு வேர் மட்டும் பிளந்துபோச்சு. வைச்சிருக்கேலாது. எடுக்கவேணும்."

என் கண்ணுக்கு முன்னால் மாமி, அதாவது தர்சிகாவின் அம்மா, வந்து நின்றார்.

"டொக்டர், எனக்குக் கலியாணம் பேசியிருக்கு."

"கலியாணத்துக்கும் கொடுப்புப் பல்லுக்கும் என்ன?" என்று கேட்டுவிட்டு, அவர் எக்ஸ்ரேயின் மற்றப் பக்கத்தைக் காட்டினார். "உங்களுக்கு வலப்பக்கம் கீழை ஒரு ஞானப்பல்லு சும்மாதான் நிக்குது. நல்ல பல்லு, நேரான வேர். அதை எடுத்து இஞ்சை வைக்கலாம்."

"பல்லைப் பிடுங்கி நடுறதோ?"

"ஓம். மிளகாய்க் கண்டு பிடுங்கி நடுற மாதிரித்தான். வேரைச் சுத்தி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. அது காயாமல், காயப்படாமல் கெதியா வைச்சால் எலும்போடை பிடிச்சிடும். எல்லாருக்கும் சரிவராது. உங்கடை பல்லின்ரை அளவு சரிவரும் போலை கிடக்கு."

எனக்கு ஒரு சந்தேகம். கேட்டுவிட்டேன்.

"ஞானப்பல்லை எடுத்தால் ஞானம் குறையாதோ டொக்டர்?"

அவர் என் பதிவை ஒருமுறை பார்த்தார்.

"புளுக்கொடியலைப் பல்லாலை உடைச்சதெண்டு சொன்னது நீங்கள்தானே?"

"ஓம்."

"அப்ப பயப்பிடாதேங்கோ. குறையாது."

சத்திரசிகிச்சையைப் பற்றி நான் வீரமாக எழுத முடியாது. இரண்டு பக்கமும் விறைக்க ஊசி போட்டார்கள். பிளந்த பல் போனது. ஞானப்பல் வெளியே வந்தது. அது ஒரு கணம் வெளிச்சத்தில் மினுங்கியதைக் கண்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது புதுக் காணியில் குடியேறியிருந்தது. அது அசையாதிருக்க, அதன் தலைக்கு மேலால் குறுக்கும் மறுக்குமாக நூல் போட்டுத் தைத்திருந்தார். இரண்டு கிழமைக்குக் கஞ்சியும் கூழும். கதைப்பது குறைய வேண்டும். வாயை அகலத் திறக்கவே கூடாது. பிறகு ஒரு நாள் வேர்ச் சிகிச்சைக்கு வர வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன். (தலையை மட்டும்தான் ஆட்டக்கூடியதாக இருந்தது. நாக்கு எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை.)

வீட்டில் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து, "தம்பி, உது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது" என்றார். "தெல்லிப்பழைக்குத் தெரிஞ்சால், மாப்பிளை பொக்கை வாயன் எண்டு கதை வந்திடும்."

என் வெட்கமும் அம்மாவின் பயமும் ஒரே பக்கமாக நின்றதால், நான் உடனே சம்மதித்தேன்.

நாசம் வந்தது அன்று பின்னேரமே. மாமி கோல் எடுத்தார். நான் வாயில் பஞ்சோடு சாய்கதிரையில் கிடந்தேன். அம்மா பேசியது எனக்குக் கேட்டது. மாமியின் பங்கைப் பிறகுதான் அறிந்தேன்.

"தம்பியைக் காணேல்லை, கடைக்கும் வரேல்லையாம். சுகமில்லையோ?"

"இல்லை, ஒரு சின்ன ஒப்பரேசன்."

"ஐயோ! என்ன ஒப்பரேசன்?"

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. உண்மையைப் பாதி சொல்லத் தெரியும். அது பொய்யைவிட மோசம்.

"ஒண்டு பழுதாப்போச்சு. அதை எடுத்துப்போட்டு மாத்தி வைச்சிருக்கினம். இப்ப பிரச்சினை இல்லை. சாப்பாட்டிலைதான் கவனமாய் இருக்கவேணும்."

மாமி போனை வைத்துவிட்டு யோசித்திருக்கிறார். மனித உடம்பில் ஒன்று பழுதானால் மாற்றி வைப்பது எது? சாப்பாட்டில் கவனமாக இருக்க வேண்டியது எதற்கு? யோசித்து முடித்தபோது நான் சிறுநீரக நோயாளியாகிவிட்டேன். இணுவிலில் பல்லாகப் புறப்பட்ட செய்தி, காங்கேசன்துறை வீதியால் தெல்லிப்பழைக்குப் போய்ச் சேர்ந்தபோது கிட்னியாக இறங்கியது.

அடுத்த நாள் தர்சிகாவின் குறுஞ்செய்தி வந்தது.

"உங்களுக்கு மாத்தினவையாம். உண்மையோ?"

அம்மா எனக்கு வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டுத் தானே உளறிவிட்டார் என்று நினைத்தேன். இனி ஒளித்து என்ன? எழுதினேன்.

"ஓம். மாத்தியாச்சு."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"வெக்கமாய் இருந்தது."

 பதில் வந்தது.

"உதிலை என்ன வெக்கம்? ஆர் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை. என்ரைதான். வலப்பக்கம் கிடந்ததை எடுத்து இடப்பக்கம் வைச்சிருக்கினம்."

"அப்பிடியும் செய்யலாமோ?"

"செய்யலாமாம். வலப்பக்கம் அது சும்மாதானே கிடந்தது. அதாலை ஒரு பிரயோசனமும் இல்லையாம்."

"இது பிடிக்காட்டில்?"

"பிடிக்காட்டில் எடுத்து எறிஞ்சுபோட்டு, ஒண்டும் இல்லாமல் இருக்கவேண்டியதுதான். கனபேர் அப்பிடித்தானே திரியினம். நீர் யோசிக்காதையும்."

அதற்குக் கீழே ஒரு சிரிக்கும் முகமும் போட்டேன். பம்பி விற்கிற வாய்க்குக் கை சளைத்ததல்ல என்று எனக்கே என்னை மெச்சத் தோன்றியது. அவளிடமிருந்து பதில் வரவில்லை. என் துணிச்சலைக் கண்டு மலைத்துப்போய் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எங்கள் படலைக்கு முன்னால் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. தர்சிகாவின் அப்பா, அம்மா, அவர்களோடு ஒரு வான் நிறைந்த சனம். தர்சிகா மட்டும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பாம். என் அப்பா தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா குசினிக்குள் தேத்தண்ணிக்கு ஓடினார். நான் வெள்ளைச் சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் நின்றேன்.

"நில்லாதேங்கோ தம்பி, நில்லாதேங்கோ!" என்று மாமி பதறினார். அவர் கையில் ஒரு தலையணை இருந்தது. என்னைக் கதிரையில் இருத்தி, முதுகுக்கு அதை அணை கொடுத்தார். ஒரு பல்லுக்கு இவ்வளவு உபசாரமா என்று நெகிழ்ந்து போனேன்.

வந்தவர்களில் மாமியின் தமையன் ஒருவர் இருந்தார். முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர். அதனால் அந்தக் குடும்பத்துக்கு அவர்தான் அரை டொக்டர். வலத்தை எடுத்து இடத்தில் வைத்தார்களாம் என்று தர்சிகா சொன்னபோது, "இப்ப அப்பிடியும் செய்யினம்" என்று சான்றிதழ் கொடுத்தவரும் இவர்தான். கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"எந்தப் பக்கம், தம்பி?"

"இடப்பக்கம்."

"கீழையோ?"

"ஓம், கீழை."

"நோ இருக்கோ?"

"சாப்பிடேக்கை கொஞ்சம்."

மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, "அது அங்கைதான் இழுக்கும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூத்திரம் ஒழுங்காய்ப் போகுதோ?" என்றார்.

பல்லுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் மருந்துக்கடைக்காரர் கேட்கிறார். நான் விழுங்குகிற குளிசைகள் ஏதும் செய்யக்கூடும்.

"போகுது."

"நிறம்?"

வருங்கால மாமனார், மாமியார், அவர்களின் சுற்றம் அத்தனை பேருக்கும் முன்னால் அதன் நிறத்தைச் சொன்னேன். மாமா, அதாவது தர்சிகாவின் அப்பா, கண்ணை மூடி, "முருகா" என்றார். இந்தக் குடும்பத்தில் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசுவார்கள் போலிருக்கிறது, நல்ல விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, ஒருக்காக் காட்டும் பாப்பம்" என்றார் மருந்துக்கடை மாமா.

எனக்கு உள்ளூரப் பெருமைதான். எழுந்து, வெளிச்சம் விழுகிற பக்கமாகத் திரும்பி, தலையை அண்ணாந்து, டொக்டர் சொன்னதை எல்லாம் மறந்து வாயை 'ஆ' என்று திறந்தேன். அப்படியே நின்றேன். யாரும் என் வாய்க்குள் பார்ப்பதாகத் தெரியவில்லை. கண்ணைத் தாழ்த்திப் பார்த்தால், மருந்துக்கடை மாமா குனிந்து, என் இடுப்பருகே சேட்டைத் தூக்குவதற்குக் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் ஏன் வாயைத் திறக்கிறீர்?"

"காட்டச் சொன்னியள்."

"என்னத்தை?"

"மாத்தின பல்லை."

 தேத்தண்ணித் தட்டோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பல்லோ?" என்றார் மாமா.

"அப்ப கிட்னி இல்லையோ?" என்றார் மாமி. அவர் குரலில் நிம்மதியும் ஏமாற்றமும் ஆளுக்குப் பாதியாக இருந்தன.

"கிட்னியோ? என்ரை பிள்ளைக்கோ? ஆர் சொன்னது?" என்று அம்மா தட்டோடு கிடுகிடுத்தார்.

"நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

"நான் எங்கை கிட்னி எண்டனான்? ஒண்டு பழுதாப்போச்சு எண்டுதானே சொன்னனான்!"

"ஒண்டு எண்டால் பல்லு எண்டு ஆர் நினைப்பினம்? பல்லு முப்பத்திரண்டெல்லோ!"

கணக்குச் சரிதான். 

மாமா எழுந்தார். இதுவரை நான் கண்டிராத கோபம்.

"மூண்டு நாளாய் எங்கடை வீட்டிலை உலை வைக்கேல்லை. இந்தக் கலியாணத்தை நிப்பாட்டுவம் எண்டு நாங்கள் எல்லாரும் சொல்லுறம். என்ரை பிள்ளை என்ன சொன்னவள் தெரியுமோ? 'கட்டுறதெண்டால் அவரைத்தான். வைச்சது பிடிக்காட்டில் நான் என்ரை ஒண்டைக் குடுக்கிறன்' எண்டவள். ரத்தம் சோதிக்க வெளிக்கிட்டு நிண்டவளை, வந்து உம்மைப் பாத்துப்போட்டு முடிவெடுப்பம் எண்டு நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன். நீர் இஞ்சை பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறீர்!"

நான் அவளோடு நாலு தரம் நேரில் கதைத்திருப்பேன். அதில் மூன்று தரம் பம்பியைப் பற்றி. அப்படிப்பட்ட எனக்கு ஒருத்தி தன் கிட்னியைத் தரப் புறப்பட்டிருக்கிறாள். கேட்டதும் என் வாய் தானாகப் பிளந்தது. வாய் பிளப்பது என்று பேச்சுக்குத்தான் சொல்வோம். எனக்கு அது அப்படியே நடந்தது. உள்ளே 'டப்' என்று ஒரு நூல் அறுந்தது. பிறகு இன்னொன்று. வெள்ளைச் சேட்டின் முன்பக்கம் சிவந்தது.

"ரத்தம்! ரத்தம்!" என்று மாமி கத்தினார். கிட்னி இல்லை என்று தெளிந்திருந்த சனம் மறுபடி கலங்கிவிட்டது. என்னை நான்கு பேர் தூக்கி வானில் ஏற்றினார்கள். (எனக்குக் கால்கள் இருந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை.) தலையணையும் ஏறியது. அம்மா தேத்தண்ணித் தட்டோடேயே ஏறிவிட்டார். சுன்னாகம் வரும் வரைக்கும் மருந்துக்கடை மாமா என் நாடித் துடிப்பைப் பிடித்தபடி, "இருக்கு, இருக்கு" என்று அறிவித்துக்கொண்டு வந்தார்.

பல் டொக்டரின் அறை வாசலில் இடமில்லாமல் சனம் நின்றது. டொக்டர் கதவைத் திறந்து பார்த்தார்.

"உங்களோடை வந்த ஆக்கள் ஆர்?"

"பொம்பிளை வீட்டுக்காரர்" என்றேன், வாயைப் பொத்தியிருந்த கைலேஞ்சிக்குள்ளால்.

"என்ன நடந்தது? அடிச்சவையோ?"

"இல்லை டொக்டர். ஆச்சரியப்பட்டுட்டன்."

நூல் அறுந்து, பல் ஆடியிருந்தது. ஆனால் இடத்தைவிட்டு எழும்பவில்லை. இந்த முறை டொக்டர் நூலை நம்பவில்லை. இரண்டு பக்கத்துப் பற்களோடும் சேர்த்து மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார். முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றியபடி சொன்னார்: "இனி ஆச்சரியப்படுறதெண்டால் வாயை மூடிக்கொண்டு ஆச்சரியப்படுங்கோ."

வெளியே வந்து அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். வாய் நிறையப் பஞ்சு. கடைவாயால் எச்சில் வழிந்தது விறைப்பில் எனக்குத் தெரியவில்லை. துடைத்துவிட்டது யார் என்று திரும்பிப் பார்த்தால் தர்சிகா. பள்ளிக்கூடத்துச் சேலையில், தலைக்கவசத்தைக் கூடக் கழற்றாமல் நின்றாள். யாரோ அவளுக்குப் போனில், "அவருக்கு ரத்தம் போகுது, கெதியா வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கிறார்கள். தெல்லிப்பழையிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வந்திருக்கிறாள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. வாசலில்தான் அவளுக்கு உண்மை தெரிந்ததாம்.

"பல்லோ?"

தலையாட்டினேன்.

"நான் மூண்டு நாள் அழுதது ஒரு கொடுப்புப் பல்லுக்கோ?"

அதற்கும் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

"வலத்தை எடுத்து இடத்திலை வைச்சதெண்டு எழுதினீங்களே! நான் பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறனான். எனக்கே அது பிழையெண்டு விளங்கேல்லை. அழேக்கை விஞ்ஞானம் எங்கை வருது? சிரிக்கிற முகம் வேறை போட்டிருந்தீங்கள்! சாகப் போற மனிசன் என்னைத் தேற்றுறதுக்குச் சிரிக்கிறார் எண்டு நினைச்சு அதுக்கும் சேத்து அழுதனான்."

சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. பம்பி வாங்க வந்தவனுக்குக் குழாயும் விற்ற வாய், சொல்ல வேண்டிய ஒரேயொரு நேரத்தில் பஞ்சால் அடைத்துக் கிடந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்து ஏதோ முனகினேன். "ம்ம்" என்றுதான் வந்தது. அவள் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் போனை எடுத்து எழுதினேன்.

"உண்மையிலையே தந்திருப்பீரோ?"

பக்கத்தில் இருந்தவளின் பையில் போன் கிணுகிணுத்தது. எடுத்து வாசித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பதில் எழுதினாள்.

"ஓம். இப்ப கேட்டால் தரமாட்டன்."

அதை வாசித்து எனக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அவளுக்கும் தோள் குலுங்குவது தெரிந்தது. அதைக் கண்டு மாமி, "பிள்ளை அழுகிறாள்" என்று அம்மாவிடம் சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். தட்டில் ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை மருந்துக்கடை மாமா எடுத்துக் குடித்தார்.

கலியாணம் குறித்த நாளில் நடந்தது. கம்பியைக் கழற்றி, வேர்ச் சிகிச்சையும் செய்து முடித்த பிறகு, டொக்டர் ஒரு சின்னக் கருவியால் பல்லைத் தட்டிப் பார்த்தார். "பிடிச்சிட்டுது" என்றார். முதல்முறையாக அவர் சிரித்ததைக் கண்டேன். இன்றுவரை அந்தப் பல்லால்தான் நான் மென்று சாப்பிடுகிறேன்.

ஆனால் வீட்டில் என் பேச்சு எடுபடுவதில்லை. கலியாணமான முதல் கிழமை தேங்காய் துருவச் சொன்னாள். எனக்கு அலுப்பு என்றேன். "நான் உங்களுக்குக் கிட்னி தர வெளிக்கிட்டனான். நீங்கள் ஒரு பாதித் தேங்காய் துருவித் தரமாட்டீங்களோ?" என்றாள். எழுந்து போய்த் துருவினேன். பிறகு மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவது, கிணற்றடி கழுவுவது, மாமி வீட்டு விசேஷத்துக்கு லீவு போடுவது எல்லாமே அந்த ஒரு கிட்னிக்குள் அடங்கின. கொடுக்காத கிட்னிக்கு இவ்வளவு என்றால், கொடுத்திருந்தால் என் கதி என்ன என்று யோசிப்பதுண்டு.

இப்போது அவள் அதை வாயால் சொல்வதுகூட இல்லை. நான் ஏதாவது சாட்டுச் சொல்லத் தொடங்கினால், பேசாமல் நின்று இடப்பக்க இடுப்பில் கையை வைப்பாள். மகள் உடனே, "அப்பா, எழும்புங்கோ" என்பாள். எழும்பிவிடுவேன்.